வேம்பார் – கொழும்பு: தூரமும் நேரமும்

வேம்பாரிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறத்தாழ 290 கி.மீ. சென்னையோ ஏறத்தாழ 490 கி.மீ. தூத்துக்குடி மாவட்டத்தின் வடகிழக்குக் கோடியில், விளாத்திகுளம் வட்டத்தில், கடலை ஒட்டி இருக்கும் இந்த ஊருக்குத் தன் மாநிலத் தலைநகரைவிடப் பக்கத்து நாட்டின் பெருநகரம் 200 கி.மீ. அருகில் இருக்கிறது. தலைமன்னார் இன்னும் அருகில்: நேர் கிழக்கே 150 கி.மீ. இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே அட்சக்கோட்டில் இருக்கின்றன. யாழ்ப்பாணம் 190 கி.மீ. ஆனால் இன்று வேம்பாரிலிருந்து ஒருவர் கொழும்புக்குப் புறப்பட்டால் முதலில் கடலுக்கு முதுகைக் காட்டி, வடக்கே மதுரைக்குப் போக வேண்டும். தூரம் மாறவில்லை, வழிதான் மாறியிருக்கிறது. வழி மாறினால் நேரமும் மாறும்.

இந்த எண்களைக் கண்டுபிடிக்க ஒரு தாளும் பென்சிலும் போதும். பூமியின்மேல் வடக்குத் தெற்காக ஒரு பாகை நகர்ந்தால் 60 கடல் மைல். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால், ஒரு கலைக்கு ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ. கிழக்கு மேற்காக நகரும்போது இந்தக் கணக்கு கொஞ்சம் சுருங்கும். நிலநடுக்கோட்டில் முழுதாக இருப்பது துருவத்தில் பூச்சியமாகிவிடும். மன்னார் வளைகுடா நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் இங்கே அந்தச் சுருக்கம் நூற்றுக்கு ஒன்றுதான். வேம்பார் வடக்கே 9 பாகை 5 கலை, கிழக்கே 78 பாகை 22 கலை. கொழும்பு வடக்கே 6 பாகை 56 கலை, கிழக்கே 79 பாகை 51 கலை. தெற்கே இறங்க வேண்டியது 129 கடல் மைல். கிழக்கே போக வேண்டியது, சுருக்கம் போக, 88 கடல் மைல். பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணத்தை வரைந்து கர்ணத்தைக் கண்டால் 156 கடல் மைல், அதாவது 289 கி.மீ. பூமி உருண்டை என்பதால் சென்னை–லண்டன் போன்ற நீண்ட தூரங்களுக்கு இந்த முக்கோணம் உதவாது. அதற்குப் பெருவட்டக் கணக்கு வேண்டும். 300 கி.மீ.க்குள் இரண்டு கணக்கும் ஒரே விடையைத்தான் தரும்.

வரைபடத்தில் அளவுகோலை வைத்து இழுக்கும் கோட்டைக் கடல் மதிப்பதில்லை. வேம்பாருக்கு எதிரே உப்புத்தண்ணித் தீவு, புலுவினிச்சல்லி, நல்லதண்ணித் தீவு என்று மூன்று தீவுகள் இருக்கின்றன. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை நீளும் 21 தீவுகளின் வரிசையில் இவை வேம்பார்க் கூட்டம். தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள், உள்ளே ஆழமில்லாத கடல். வள்ளங்களுக்கு இது வீட்டு முற்றம். பெரிய கப்பலுக்கு நுழைய முடியாத இடம். அதனால் வேம்பாரிலிருந்து கொழும்புக்குக் கடல்வழி என்றால் பெரும்பாலும் தூத்துக்குடி போய்த்தான். தூத்துக்குடி–கொழும்பு கடல்வழி 152 கடல் மைல். வேம்பாரிலிருந்து போட்ட நேர்கோட்டுக்கும் இதற்கும் நான்கு கடல் மைல்தான் வித்தியாசம் என்பது வியப்பாக இருக்கலாம். வேம்பார் கொஞ்சம் வடக்கே இருந்தாலும் கொஞ்சம் கிழக்கேயும் இருக்கிறது. ஒன்று இன்னொன்றைச் சரிக்கட்டிவிடுகிறது.

பாய்மரக் காலத்தில் இந்தத் தூரத்துக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால் காற்றைக் கேட்கச் சொல்லியிருப்பார்கள். கொழும்பு தூத்துக்குடிக்குத் தென்கிழக்கே இருக்கிறது. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். கச்சான் தென்மேற்கிலிருந்து வரும். கப்பல் போகும் திசைக்கு இரண்டுமே குறுக்கே அடிப்பவை. ஆகவே எந்தப் பருவத்திலும் போகவும் வரவும் பாய்க்குக் காற்று உண்டு. கணக்குப்படி இது நல்ல வாய்ப்பு. ஆனால் கச்சான் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். இலங்கையின் மேற்குக் கரை முழுவதும் அந்தக் காற்றை முகத்தில் வாங்கும் கரை. தோணிகள் அந்த மாதங்களில் ஓட்டத்தை நிறுத்திக் கரையில் கிடக்கும். மற்ற மாதங்களில் ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகம் நிலையாகக் கிடைத்தால் 152 கடல் மைலுக்கு முப்பது மணி நேரம். காற்று விழுந்துவிட்டாலோ நடுக்கடலில் கிடக்க வேண்டியதுதான், நீவாடு என்ற கடல் நீரோட்டம் இழுத்த இழுப்புக்கு. தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் காய்கறியும் ஓடும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப் போன கதையில் பயண நேரம் என்பது எப்போதும் ஒரு எண்ணாக இருந்ததில்லை. இத்தனை நாளிலிருந்து இத்தனை நாள்வரை என்றுதான் இருந்தது.

காத்திருப்பதும் பயணத்தின் ஒரு பகுதிதான் என்பதை இந்தக் கரை நன்றாக அறியும். முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இந்தக் கரைக்கு 1542இல் வந்த மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார் 1541 ஏப்ரலில் லிஸ்பனிலிருந்து கப்பலேறியவர். கோவாவை அடைந்தது 1542 மே மாதம். பதின்மூன்று மாதத்தில் ஏறத்தாழ ஆறு மாதம் மொசாம்பிக்கில் கழிந்தது. பருவக்காற்றைத் தவறவிட்ட கப்பல் அடுத்த காற்று வரும்வரை நகர முடியாது. இன்று வானூர்திக்காக இடைநிலையத்தில் ஐந்து மணி நேரம் உட்காருவதற்கும் அதற்கும் அளவில்தான் வேறுபாடு.

முத்துக்குளிப்பு இந்தக் கணக்கையே தொழிலாக்கி வைத்திருந்தது. முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பார்கள் கரையிலிருந்து 10 முதல் 20 கி.மீ. தள்ளி இருந்தன. நள்ளிரவில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் பாய் விரித்தால் விடியும்போது பாருக்கு மேலே நிற்கலாம். நண்பகல்வரை குளிப்பு. பிறகு கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று எழும். அதிலே திரும்பிவிட வேண்டும். எவ்வளவு தொலைவில் இருக்கும் பார் வரை போய் அன்றே திரும்ப முடியும் என்பதை இந்த இரண்டு காற்றுகளும் முடிவு செய்தன. இலங்கைப் பக்கம் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் குளிப்பு அறிவிக்கப்படும் ஆண்டுகளில் இந்தப் பக்கத்துக் கடலோடிகளான பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம் முத்துக்குளிப்பாளர்களும் வளைகுடாவைக் கடந்து போனார்கள். வேம்பாரிலிருந்து சிலாவத்துறை நேர்கோட்டில் சுமார் 175 கி.மீ.; கொழும்பைவிட நூறு கி.மீ.க்கு மேல் பக்கம். இலங்கைப் பார்களில் குளிப்பு 1925ஓடு நின்றது. தூத்துக்குடிப் பார்களில் 1961ஓடு. அதன்பின் அந்தக் குறுக்குப் பயணத்துக்குக் காரணமே இல்லாமல் போனது.

நீராவிக் கப்பல் வந்தபோதுதான் இந்தத் தூரத்துக்கு ஒரு நிலையான நேரம் கிடைத்தது. மாலையில் தூத்துக்குடியில் ஏறினால் காலையில் கொழும்பு. காற்று எப்படி அடித்தாலும் ஓர் இரவு. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்ததும் சென்னையும் இந்த இரவோடு இணைந்துகொண்டது. சென்னையிலிருந்து தூத்துக்குடிவரை 443 மைல். போட் மெயில் என்று பெயர் பெற்ற ரயில் அதை 21 மணி 50 நிமிடத்தில் கடந்தது. அன்றைய தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் கிடையாது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகளும் மூட்டைகளும் படகில் போய் ஏற வேண்டும். அந்தச் சில மைல், அலை பெரிதாக இருந்தால், பயணத்திலேயே கடினமான பகுதி. கப்பல்கள் நேராகத் துறைக்குள் வந்து கட்டும் புதிய துறைமுகம் 1974இல்தான் திறக்கப்பட்டது.

இந்த ஓர் இரவுப் பயணம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை போராடினார். 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன. எதிரே நின்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொள்ளவும் முன்வந்தது. பயணிகளுக்குக் குடை கொடுத்ததாகவும் சொல்வார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. இந்த வரலாற்றைச் சொல்லும்போது தியாகத்தைச் சொல்பவர்கள் வழியைச் சொல்வதில்லை. ஒரு கம்பெனியின் பிழைப்பே அந்த 152 கடல் மைலில் இருந்தது என்பதும், அதை இழக்காமல் இருக்க வெள்ளைக் கம்பெனி நட்டத்தைத் தாங்கத் தயாராக இருந்தது என்பதும், அந்தக் காலத்தில் இந்த வழியில் எவ்வளவு மக்கள் போய்வந்தார்கள் என்பதைக் காட்டும். வேம்பார் முதல் மணப்பாடு வரையுள்ள ஊர்களின் பரதவர் குடும்பங்கள் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் கடை வைத்து வாழ்ந்ததற்கும், இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பரதர் என்று தனியாக ஒரு பிரிவு இருப்பதற்கும் இந்தக் கடல்வழிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

எல்லாருக்கும் அது ஓர் இரவாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்கள் நோய்த்தடுப்புக்காக முகாம்களில் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். தூத்துக்குடி வழியாகப் போனவர்களுக்குத் தட்டப்பாறையிலும், பிற்பாடு தனுஷ்கோடி வழியாகப் போனவர்களுக்கு மண்டபத்திலும். கப்பல் டிக்கெட்டில் அச்சான நேரம் முதல் வகுப்புப் பயணிக்கு மட்டுமே உண்மை. தோட்டத் தொழிலாளிக்கு அதே தூரம் பல நாள் தூரம்.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தூத்துக்குடியைக் கைவிட்டுத் தனுஷ்கோடிக்குப் போனது. காரணம் வெறும் கணக்குத்தான்: தூத்துக்குடியிலிருந்து ஓர் இரவு கடல், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 22 மைல் கடல், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மீதி எல்லாம் ரயில். முதல் நாள் மாலை எழும்பூரில் ஏறியவர் மூன்றாம் நாள் காலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கினார். ஒரே டிக்கெட்டில் இரண்டு ரயிலும் நடுவே ஒரு கப்பலும். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. இலங்கையில் போர் தொடங்கியபின் 1984இல் அதுவும் நின்றது. இலங்கைப் பக்கம் தலைமன்னார் துறைவரை ரயில்பாதை 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது. இடையிலுள்ள கடலுக்கு மட்டும் கப்பல் இல்லை.

பெரிய சரக்குக் கப்பல்களுக்கு வேறு ஒரு சங்கடம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மணல்திட்டுகளில் ஆழம் போதாது. எனவே சென்னையிலிருந்து தூத்துக்குடி வரும் பெரிய கப்பல் இலங்கையையே சுற்றி வர வேண்டும். அங்கே கப்பல் கால்வாய் தோண்ட 2005 ஜூலையில் மதுரையில் தொடங்கி வைக்கப்பட்ட சேதுசமுத்திரத் திட்டம் இந்தச் சுற்றில் அதிகபட்சம் 424 கடல் மைலும் 30 மணி நேரமும் மிச்சமாகும் என்று சொன்னது. திட்டம் பாதியில் நின்றுபோனது.

ஆகாய வழியின் தொடக்கம் 1930களில். கொழும்புக்குத் தெற்கே ரத்மலானை விமான நிலையத்தில் 1935 நவம்பரில் முதன்முதலில் வந்து இறங்கியது சென்னையிலிருந்து பறந்துவந்த சிறிய விமானம். 1938இல் டாடா நிறுவனம் தபால் விமானத்தைக் கொழும்புவரை நீட்டியது. 1947 டிசம்பர் 10ஆம் தேதி ஏர் சிலோனின் முதல் சேவை ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்தது, டக்கோட்டா விமானம். ஐரோப்பாவில் வேம்பார்–கொழும்பைவிடச் சற்றே நீளமான ஒரு தூரத்துக்கு இந்தத் தொடக்கம் 1919லேயே வந்துவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டு 25ஆம் தேதி லண்டனிலிருந்து பாரிசுக்குத் தினசரி விமானம் தொடங்கியது. பயணம் சுமார் இரண்டரை மணி நேரம். லண்டன்–பாரிஸ் நேர்கோட்டில் 344 கி.மீ. என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். வேம்பாருக்கு மிக அருகிலுள்ள விமான நிலையம் தூத்துக்குடியின் வாகைக்குளம்; அடுத்தது மதுரை. வெளிநாட்டு விமானம் உள்ளது மதுரையில். மதுரையிலிருந்து கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்க நேர்கோட்டில் சுமார் 353 கி.மீ. அட்டவணைப்படி பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இங்கே ஒரு கேள்வி எழும். ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும் என்கிறார்கள். அப்படியானால் 353 கி.மீ.க்கு 26 நிமிடம்தானே ஆக வேண்டும்?

அட்டவணையில் இருப்பது வானில் பறக்கும் நேரம் அன்று. நிறுத்துமிடத்தில் சக்கரத்தின் தடைக்கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டையை வைக்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, முறைக்காகக் காத்திருப்பது, இறங்கியபின் முனையத்துக்கு ஊர்ந்து வருவது எல்லாம் அதற்குள் அடங்கும். வானில் இருக்கும் நேரத்திலும் பாதிக்கு மேல் ஏறுவதும் இறங்குவதும்தான். குறுகிய பயணத்தில் விமானம் முழு உயரத்துக்குப் போகுமுன்பே இறங்கத் தொடங்க வேண்டிவரும். முழு வேகத்தில் பறக்கும் நிமிடங்கள் கொஞ்சம்தான். போகும் பாதையும் நேர்கோடு அன்று. புறப்படும் ஓடுபாதையின் திசை, இறங்கும் ஓடுபாதையின் திசை, இடையில் கடந்தே தீரவேண்டிய குறிப்பிட்ட புள்ளிகள், சென்னைக் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்கு மாறும் இடம் என்று வளைந்து வளைந்துதான் பாதை போகும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மதுரை–கொழும்பு விமானத்தின் சராசரி வேகம் மணிக்கு 350 கி.மீ. அளவுதான். சென்னை–கொழும்பு சுமார் 643 கி.மீ.; அட்டவணை நேரம் ஒரு மணி இருபது நிமிடம் அளவு; சராசரி மணிக்கு 480 கி.மீ. சென்னை–லண்டன் ஏறத்தாழ 8,200 கி.மீ.; பத்தரை முதல் பதினோரு மணி நேரம் என்று கொண்டால் சராசரி 740 கி.மீ.யைத் தாண்டிவிடும். தூரம் கூடக்கூட வேகம் கூடுகிறது. ஏறி இறங்கும் செலவு எல்லாப் பயணத்துக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால்தான் லண்டன்–பாரிஸ் விமானத்துக்கும் இன்று ஒரு மணி இருபது நிமிடம் அளவு ஆகிறது. நூறு ஆண்டில் விமானத்தின் வேகம் பல மடங்கு ஏறியும், அந்த இரண்டரை மணி பாதியாகத்தான் குறைந்திருக்கிறது.

விமானத்தின் வகையும் கணக்கை மாற்றும். இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 354 கி.மீ.; மதுரை–கட்டுநாயக்க தூரமேதான். 2019இல் பலாலி சர்வதேச நிலையமாகத் திறந்தபின் அங்கே போய்வருவது ஏடிஆர் என்ற காற்றாடி விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு, பயணத்துக்கு ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி ஆகும். அதே தூரத்தை ஜெட் ஒரு மணியில் முடிக்கிறது. வேகத்தில் 300 கி.மீ. வித்தியாசம் இருந்தும், மிச்சமாவது கால் மணி அல்லது அரை மணிதான்.

காற்றின் பங்கு இப்போது மிகவும் சிறியது. அரை மணி நேரப் பறப்பில் மணிக்கு 50 கி.மீ. எதிர்காற்று அடித்தால் இரண்டு மூன்று நிமிடம் கூடும், அவ்வளவுதான். தோணியை மாதக்கணக்கில் கரையில் கிடக்கவைத்த அதே கச்சான், விமானத்துக்கு அட்டவணையில் எழுதக்கூடத் தேவையில்லாத ஒன்று. புயலும் கனமழையும் மட்டும் விதிவிலக்கு. அப்போது விமானம் மெதுவாகப் போவதில்லை, போகாமலே இருந்துவிடும்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல். இந்தியாவும் இலங்கையும் இப்போது ஒரே நேரத்தில் இருக்கின்றன. எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அதை அரை மணியாகக் குறைத்தது. 2006 ஏப்ரல் நடுவில் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட அந்தப் பத்தாண்டில் சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி இருபது நிமிடம் பறந்தவரின் டிக்கெட்டில் ஒரு மணி ஐம்பது நிமிடம் போலத் தோன்றும். திரும்பி வரும்போது வெறும் ஐம்பது நிமிடம்.

வேம்பார் வாசலிலிருந்து கொழும்பு வாசல்வரை கணக்குப் போட்டால் படம் வேறு. வேம்பாரிலிருந்து விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வழியாக மதுரை விமான நிலையம் நூறு கி.மீ.க்கு மேல், நிலையம் நகருக்குத் தெற்கே இருப்பதால் மதுரைக்குள் நுழைய வேண்டியதில்லை என்பது ஆறுதல். காரில் இரண்டரை மணி. வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள். பறப்பு ஒரு மணி. குடிவரவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர ஒரு மணி. கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே முப்பது கி.மீ. அளவு தள்ளி இருக்கிறது. அங்கிருந்து நகருக்குள் போக ஏறத்தாழ ஒரு மணி. மொத்தம் எட்டரை மணி நேரம். 290 கி.மீ.யை எட்டரை மணியில் கடப்பது என்றால் மணிக்கு 34 கி.மீ. நல்ல சாலையில் ஒரு டவுன் பஸ்ஸின் வேகம்.

வாகைக்குளம் வழியாக முயன்றால் இன்னும் மோசம். அங்கிருந்து சென்னைக்குச் சுமார் 527 கி.மீ. வடக்கே பறந்து, மறுபடி 643 கி.மீ. தெற்கே கொழும்புக்கு வர வேண்டும். மொத்தம் 1,170 கி.மீ. வாகைக்குளத்திலிருந்து கட்டுநாயக்க நேராகப் போனால் 267 கி.மீ.தான். 2025 ஜூலையில் வாகைக்குளத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3 கி.மீ.க்கு மேல் நீண்டிருக்கிறது. பெரிய ஜெட் விமானங்கள் இறங்க இடம் இருக்கிறது. இல்லாதது குடியகல்வும் சுங்கமும், அவற்றைக் கேட்டு வாங்கும் முனைப்பும். ஏடிஆர் விமானம் ஒன்று அங்கிருந்து நேராகக் கொழும்புக்குப் பறந்தால் ஒரு மணிக்குள் இறங்கிவிடும். வேம்பாரிலிருந்து வாகைக்குளம் சாலையில் எழுபது கி.மீ. அளவு என்பதால் சாலையில் போகும் நேரமும் ஒரு மணி குறையும். தூத்துக்குடி, ராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களின் கடற்கரை ஊர்களுக்கும் இலங்கைக்கும் உள்ள உறவைப் பார்த்தால் இது ஆடம்பரக் கோரிக்கை அன்று.

கடல்வழியையும் ஒருமுறை மீட்டுப் பார்த்தார்கள். 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து ஸ்கோடியா பிரின்ஸ் என்ற பயணிகள் கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறக்கூடிய கப்பல். வாரம் இரண்டு முறை. அதே 152 கடல் மைல், சுமார் பதினான்கு மணி நேரம். போதிய பயணிகள் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. ஐந்து மாதத்தில் ஒரு வழி பழகிவிடாது. அரை நூற்றாண்டு மறந்துபோன கடல்வழியை மக்கள் மீண்டும் நம்பி மூட்டை கட்டுவதற்குச் சில ஆண்டுகளாவது அந்தக் கப்பல் தவறாமல் வந்து நின்றிருக்க வேண்டும். வேம்பாரிலிருந்து கணக்குப் போட்டாலும் அது நட்டமில்லை: மாலையில் தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி, இரவு கப்பலில் தூக்கம், காலையில் கொழும்புத் துறைமுகத்தில், நகரின் நடுவிலேயே இறங்கலாம். மணிக்கணக்கில் விமானத்தைவிட நீளம்தான். ஆனால் ஒரு பகல் வேலை கெடாது. மூட்டை முடிச்சோடு போகும் குடும்பத்துக்கும் சிறு வியாபாரிக்கும் விமானத்தின் அளவுக்கு எடைக்கட்டுப்பாடு இல்லாத அந்த இரவு பெரிய உதவி.

இப்போது ஓடுவது நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. தூரம் 60 கடல் மைல் அளவு. நேரம் சுமார் நான்கு மணி. யாழ்ப்பாணம் போகிறவருக்கு அது நல்ல வழி. வேம்பாரிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவருக்கோ, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாகப்பட்டினம்வரை ஒரு பகல் முழுதும் வடக்கே போய், அங்கிருந்து தெற்கே கப்பலேறும் வழி.

வள்ளத்தில் நேராகப் போவதைப் பற்றி யாராவது கேட்டால் அதற்கும் பதில் தூரத்தில் இல்லை. எட்டு நாட் வேகத்தில் போகும் எந்திரப் படகுக்கு 156 கடல் மைல் இருபது மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 1976 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மன்னார் வளைகுடாவின் நடுவே எல்லைக்கோடு போகிறது. அந்தக் கோட்டை வள்ளத்தில் தாண்டுபவர் பயணியாகக் கருதப்படமாட்டார்.

மதுரை வழியில் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. விமான அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். கோடைக்கால அட்டவணை மார்ச் இறுதியிலும் குளிர்கால அட்டவணை அக்டோபர் இறுதியிலும் நடைமுறைக்கு வரும். அந்த இரண்டு தேதிகளை ஒட்டிப் பயணம் வைத்திருப்பவர்கள், டிக்கெட் எடுத்தபோது இருந்த புறப்பாட்டு நேரமே இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்பாக வேம்பாரில் வண்டி ஏறினால் போதும்.